வாசகர் கேள்வி – பதில்: ஜெர்மனியின் நீர்மூழ்கிப் போர்

கேள்வி: 1914-இல் சென்னையைக் குண்டு வீசித் தாக்கிய எம்டன் ஒரு நீர்மூழ்கிக் கப்பல் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அது உண்மையா? முதல் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் நம் கரைக்கு வந்தனவா?
– இராயபுரம் வாசகர்

பதில்: எம்டன் நீர்மூழ்கி அன்று; நீரின் மேல் மட்டுமே செல்லக்கூடிய இலகு ரகப் போர்க்கப்பல். கார்ல் ஃபான் முல்லர் என்பவரின் தலைமையில் வங்காள விரிகுடாவில் வணிகக் கப்பல்களை வேட்டையாடிக்கொண்டிருந்த அந்தக் கப்பல், 1914 செப்டம்பர் 22 அன்று இரவு சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டு, அரை மணி நேரத்துக்குள் இருளில் மறைந்தது. யார் கண்ணிலும் படாமல் வந்து யார் கையிலும் சிக்காமல் போனதனால், அது கடலுக்கடியில் வந்திருக்க வேண்டும் என்று நகரத்தில் பேச்சு எழுந்ததில் வியப்பில்லை. அதே ஆண்டு நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளுக்கு அருகே ஆஸ்திரேலியப் போர்க்கப்பலான சிட்னி அதை அடித்து நொறுக்கியது. முதல் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கி எதுவும் நம் கரைப் பக்கம் வரவில்லை. அவ்வளவு தூரம் வந்து திரும்பும் ஆற்றல் 1914-இல் இருந்த படகுகளுக்கு இல்லை.

ஆனால் அந்தத் தேதியில் ஓர் ஒற்றுமை உண்டு. சென்னை தாக்கப்பட்ட அதே செப்டம்பர் 22 அன்று காலையில், ஹாலந்துக் கரைக்கு அப்பால், ஓட்டோ வெட்டிகன் தலைமையில் சென்ற யு-9 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி, பிரிட்டனின் அபூகீர், ஹோக், கிரெஸ்ஸி ஆகிய மூன்று போர்க்கப்பல்களை ஒன்றரை மணி நேரத்துக்குள் மூழ்கடித்தது. முதற்கப்பல் கண்ணிவெடியில் மோதிவிட்டது என்று எண்ணி மற்ற இரண்டும் அதன் மாலுமிகளைக் காப்பாற்ற அருகே நின்றன. நின்ற இடத்திலேயே அடிபட்டன. ஏறத்தாழ 1,460 பேர் இறந்தனர். சுமார் 500 டன் எடையுள்ள ஒரு படகால் இது முடியும் என்பதை அன்று காலைவரை எந்தக் கடற்படையும் மனத்தளவில் ஒப்புக்கொண்டிருக்கவில்லை.

அதன்பின் ஜெர்மனியின் கவனம் வணிகக் கப்பல்கள்மேல் திரும்பியது. மாதம் 6 லட்சம் டன் வீதம் ஐந்து மாதங்கள் மூழ்கடித்தால் பிரிட்டன் பட்டினியால் பணிந்துவிடும் என்று அட்மிரல் ஹோல்ட்சென்டார்ஃப் கணக்குப் போட்டுக் கொடுத்தார். 1917 பிப்ரவரி 1 முதல் முன்னெச்சரிக்கை ஏதுமின்றிக் கப்பல்களைத் தாக்கும் போர் தொடங்கிற்று. ஏப்ரல் மாதத்தில் மட்டும் 8 லட்சத்து 60 ஆயிரம் டன் அளவுக்குக் கப்பல்கள் கடலுக்குள் போயின. கணக்கு சரியாகவே இருந்தது. அதே மாதம் அமெரிக்கா போரில் இறங்கும் என்பதற்கும், கப்பல்களைக் கூட்டமாகச் சேர்த்துக் காவலுடன் அனுப்பும் முறையைப் பிரிட்டன் கையாளத் தொடங்கும் என்பதற்கும் மட்டும் அதில் போதிய இடம் தரப்படவில்லை.

கேள்வி: நீருக்கடியில் மறைந்து செல்லும் கப்பல் என்றால் அதில் இருப்பவர்களே பாதுகாப்பானவர்கள் என்றுதானே தோன்றுகிறது? இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கி வீரர்களில் பெரும்பாலோர் இறந்துவிட்டார்கள் என்பது எப்படி?
– பாளையங்கோட்டை வாசகர்

பதில்: அந்தப் போரில் யு-போட்டுகள் எனப்படும் ஜெர்மன் நீர்மூழ்கிகளில் பணிபுரிந்தவர்கள் ஏறத்தாழ 40,000 பேர், அவர்களில் திரும்பி வராதவர்கள் 30,000 பேரை நெருங்குவர். நான்கில் மூவர் என்ற இந்த விகிதத்துக்கு இணையானது அப்போரின் படைப்பிரிவுகளில் அரிது. இதற்கான விடை உங்கள் கேள்வியின் முதல் வரியிலேயே இருக்கிறது: அவை நீருக்கடியில் செல்லும் கப்பல்கள் அல்ல, வேண்டும்போது சிறிது நேரம் மூழ்கக்கூடிய படகுகள்.

போரில் மிக அதிகமாகக் கட்டப்பட்ட ஏழாம் வகை ‘சி’ படகை எடுத்துக்கொள்வோம். நீளம் 67 மீட்டர். நீரின்மேல் டீசல் எந்திரங்களால் மணிக்கு 17 கடல் மைலுக்கு மேல் ஓடும். மூழ்கிவிட்டால் டீசலுக்குக் காற்றில்லை. மின்கலங்களை நம்பித்தான் செல்ல வேண்டும். அப்போது மணிக்கு நான்கு கடல் மைல் வேகத்தில் 80 மைல் போனால் மின்சாரம் தீர்ந்துவிடும். வேகமாகப் போனால் இன்னும் விரைவில் தீரும். மிகவும் மெதுவான சரக்குக் கப்பல் கூட்டமே மணிக்கு ஏழு மைல் போகும் என்பதால், மூழ்கிய படகால் அதைத் துரத்திப் பிடிக்கவே முடியாது. எனவே இரையைத் தேடுவது, முந்திச் சென்று வழிமறிப்பது, மின்கலத்தில் மின்னேற்றுவது, கரையோடு வானொலியில் பேசுவது ஆகிய எல்லாமே நீரின்மேல்தான் நடந்தன. தாக்குதல்கூடப் பெரும்பாலும் இரவில், நீரின்மேல் நின்றே நடந்தது. ஓட்டோ கிரெட்ச்மர் போன்ற பெயர்பெற்ற தளபதிகள் இருட்டில் கப்பல் வரிசைகளுக்கு நடுவிலேயே புகுந்து டார்பிடோ ஏவினர்.

உள்ளே வாழ்க்கை எப்படி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். இந்தக் குழலுக்குள் 44 முதல் 52 பேர்வரை பல வாரங்கள் இருந்தனர். முன்பகுதியில் டார்பிடோக்களுக்கு இடையிலேயே படுக்கைகள்; ஒருவர் காவலுக்கு எழுந்து போனதும் அவருடைய சூடு ஆறாத படுக்கையில் இன்னொருவர் படுப்பார். கழிப்பறைகள் இரண்டு, புறப்படும்போது அவற்றுள் ஒன்றில் உணவுப் பொருள்களை அடைத்துவிடுவார்கள் என்பதால், அவற்றைத் தின்று தீர்க்கும்வரை ஐம்பது பேருக்கும் மிஞ்சிய ஒன்றுதான் கதி. ரொட்டி சில நாள்களில் வெள்ளைப் பூஞ்சணம் பூத்துவிடும். நடுவை மட்டும் பிய்த்துத் தின்பார்கள். குளிக்க நன்னீர் கிடையாது. உடல்நாற்றமும் டீசல் நெடியும் துணியிலும் உணவிலும் ஊறியிருக்கும்.

1940 ஜூனில் பிரான்ஸ் வீழ்ந்து லோரியான், பிரெஸ்ட், சாங் நசேர் துறைமுகங்கள் ஜெர்மனியின் கைக்கு வந்ததும் இந்தப் படகுகளுக்கு அட்லாண்டிக் கைக்கெட்டும் தூரமாயிற்று. ஜெர்மன் நீர்மூழ்கிப் படைத் தலைவர் அட்மிரல் டோனிட்ஸ் வகுத்த ஓநாய்க் கூட்ட முறைப்படி, கப்பல் கூட்டத்தைக் காணும் படகு உடனே தாக்காமல் வானொலியில் தகவல் தரும். மற்றவை வந்து சேர்ந்தபின் எல்லாம் ஒன்றாகப் பாயும். 1943 மார்ச்சில் ஹெச்.எக்ஸ் 229, எஸ்.சி 122 என்ற இரு கூட்டங்களிலிருந்து 22 கப்பல்களை மூழ்கடித்தபோது ஜெர்மனி இழந்தது ஒரே ஒரு படகு. அப்போது போர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று லண்டனில் கவலைப்படாதவர் இல்லை.

இரண்டே மாதங்களில் நிலைமை தலைகீழானது. நடு அட்லாண்டிக்கில் விமானங்கள் எட்டாத பகுதி ஒன்று இருந்தது. கூடுதல் எரிபொருள் தொட்டிகள் பொருத்திய லிபரேட்டர் விமானங்களும் சிறிய விமானந்தாங்கிக் கப்பல்களும் அதை அடைத்தன. பழைய ரேடாரின் அலையை உணர்ந்து எச்சரிக்கும் மெட்டாக்ஸ் என்ற கருவி யு-போட்டுகளில் இருந்தது. பிரிட்டன் கொண்டுவந்த புதிய 10 செ.மீ. அலை ரேடார் அந்தக் கருவியின் காதில் விழவில்லை. இரவில் நிம்மதியாக மின்னேற்றிக்கொண்டிருந்த படகின்மேல், எந்த எச்சரிக்கையும் இன்றி, விமானத்தின் அடிவயிற்றிலிருந்து ஒரு பெருவிளக்கு பளீரென்று எரியும். அடுத்த நொடிகளில் நீரடிக் குண்டுகள் விழும். தங்கள் கருவியே ஏதோ கதிர் வீசிக் காட்டிக்கொடுக்கிறது என்று சந்தேகித்து அதை அணைத்துவைக்கவும் ஜெர்மானியர் உத்தரவிட்டனர். போதாததற்கு, டோனிட்ஸ் கேட்டுக்கொண்டே இருந்த வானொலித் தகவல்களின் திசையைக் காவற்கப்பல்கள் அளந்து, பேசிய படகின் இடத்தை நோக்கியே பாய்ந்தன. ஓநாய்க் கூட்டத்தின் உயிர்நாடியான பேச்சே அதன் இருப்பிடத்தைச் சொல்லிவிட்டது.

1943 மே மாதத்தில் மட்டும் நாற்பதுக்கும் மேற்பட்ட படகுகள் அழிந்தன. அவற்றுள் ஒன்றான யு-954-இல் டோனிட்ஸின் இளைய மகன் பீட்டர் இருந்தார். மே 24 அன்று தந்தை தம் படகுகளை வட அட்லாண்டிக்கிலிருந்து விலக்கிக்கொண்டார். போரை நிறுத்தவில்லை என்பதுதான் மன்னிக்க முடியாதது. எதிரியின் விமானங்களையும் காவற்கப்பல்களையும் கட்டிப்போட வேண்டும் என்ற காரணம் காட்டி, காலாவதியான படகுகளில் புதிய இளைஞர்களை மேலும் இரண்டு ஆண்டுகள் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். உண்மையாகவே நீருக்கடியில் வேகமாகச் செல்லக்கூடிய இருபத்தொன்றாம் வகைப் படகுகள் நூற்றுக்கு மேல் கட்டி முடிக்கப்பட்டும், போர் முடிவதற்குள் வேட்டைக்குப் புறப்பட்டவை இரண்டுதாம்.

கேள்வி: எனிக்மா சங்கேதத்தை ஆலன் டூரிங் உடைத்ததனால்தான் நீர்மூழ்கிகள் தோற்றன என்பது சரியா?
– கோவை வாசகர்

பதில்: பாதி சரி. பிரிட்டனின் சங்கேத உடைப்பு மையமான பிளெட்ச்லி பார்க்கில் டூரிங்கும் அவருடைய குழுவினரும் செய்த பணி மிகப் பெரியது. ஓநாய்க் கூட்டம் காத்திருக்கும் இடத்தைத் தெரிந்துகொண்டு கப்பல்களை வேறு வழியில் திருப்பிவிட்டதால் காக்கப்பட்ட உயிர்கள் பல. ஆனால் 1942 பிப்ரவரியில் ஜெர்மானிய நீர்மூழ்கிப் படை நான்கு சக்கரங்கள் கொண்ட எனிக்மா சங்கேத எந்திரத்துக்கு மாறியதும், பத்து மாதங்களுக்கு மேல் பிளெட்ச்லி பார்க்கில் அப்படையின் செய்திகளைப் பெரும்பாலும் படிக்க இயலவில்லை. அதே காலத்தில் ஜெர்மனியின் சங்கேதப் பிரிவு பிரிட்டனின் கப்பல் கூட்டச் சங்கேதத்தைப் படித்துக்கொண்டிருந்தது என்பதைப் பலர் சொல்வதில்லை. ஒருவர் கடிதத்தை மற்றவர் பிரித்துப் படித்த போர் அது.

அந்த இருட்டை விலக்கியது கணிதம் மட்டும் அன்று. 1942 அக்டோபர் 30 இரவு, கிழக்கு மத்தியதரைக் கடலில், அடிபட்டு மூழ்கிக்கொண்டிருந்த யு-559-க்குள் பெட்டார்ட் என்ற பிரிட்டிஷ் கப்பலின் அதிகாரி டோனி ஃபாசனும் மாலுமி கோலின் கிரேசியரும் இறங்கினர். கப்பல் சிற்றுண்டிச் சாலையில் வேலை பார்த்த டாமி பிரவுன் என்ற பதினாறு வயதுச் சிறுவன், வயதைக் கூட்டிச் சொல்லி வேலையில் சேர்ந்தவன், அவர்கள் எடுத்துக் கொடுத்த குறியீட்டு நூல்களை மேலே கடத்தினான். படகு சட்டென்று மூழ்கியபோது அவன் தப்பினான். மற்ற இருவரும் அதனுடனேயே போய்விட்டனர். அந்த நூல்களைக்கொண்டு டிசம்பரில் சங்கேதம் மீண்டும் உடைக்கப்பட்டது. டோனிட்ஸ் சந்தேகப்பட்டு விசாரணை நடத்தியபோதெல்லாம், எனிக்மாவை உடைக்கவே முடியாது என்று அவருடைய நிபுணர்கள் உறுதி கூறினர்.

கேள்வி: மூழ்கிய கப்பல்களில் இந்தியர்களும் இருந்தார்களா?
– நாகப்பட்டினம் வாசகர்

பதில்: ஏராளமாக இருந்தனர். யு-போட்டுகள் அப்போரில் மூழ்கடித்த வணிகக் கப்பல்கள் ஏறத்தாழ 2,800. மொத்தக் கொள்ளளவு 1 கோடியே 40 லட்சம் டன். பிரிட்டனின் வணிகக் கப்பல்களில் பல்லாயிரக்கணக்கான இந்தியர்கள், லஸ்கர்கள் என்ற பெயரில், எந்திர அறையிலும் அடுப்படியிலும் வேலை செய்தனர். வெள்ளை மாலுமிகளின் ஊதியத்தில் ஒரு சிறு பங்கே அவர்களுக்குத் தரப்பட்டது. போர் தொடங்கிய 1939-லேயே கூலி உயர்வு கேட்டுப் பிரிட்டிஷ் துறைமுகங்களில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். போர் முடிவதற்குள் இறந்த இந்திய வணிக மாலுமிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 6,600. டார்பிடோ பெரும்பாலும் எந்திர அறையையே தாக்கும் என்பதால், கரி அள்ளிப் போட்டவர்களுக்குப் படிக்கட்டை எட்டும் நேரம்கூடக் கிடைக்காது.

காசி நகரத்தின் பெயர் கொண்ட சிட்டி ஆஃப் பெனாரஸ் என்ற கப்பலைச் சான்றாகச் சொல்லலாம். பிரிட்டிஷ் நகரங்கள்மேல் நடந்த குண்டுவீச்சிலிருந்து காப்பாற்றிக் கனடாவுக்கு அனுப்பப்பட்ட 90 குழந்தைகள் அதில் இருந்தனர். 1940 செப்டம்பர் 17 இரவு, காவற்கப்பல்கள் பிரிந்து சென்ற பிறகு, யு-48 அதைத் தாக்கியது. உள்ளே குழந்தைகள் இருப்பதை நீர்மூழ்கி அறிந்திருக்க வழியில்லை. 77 குழந்தைகள் இறந்தனர். இந்திய மாலுமிகளில் இறந்தவர்கள் ஏறத்தாழ நூறு பேர். வெப்ப நாட்டுக்கான மெல்லிய உடுப்போடு அவர்கள் வட அட்லாண்டிக் குளிரில் நீர் நிரம்பிய படகுகளில் உட்கார்ந்திருந்தனர். பன்னிரண்டாம் எண் உயிர்காப்புப் படகில் மட்டும் 46 பேர் எட்டு நாள் மிதந்தனர். அவர்களில் பெரும்பாலோர் இந்தியர், ஆறு பேர் சிறுவர். மேரி கார்னிஷ் என்ற இசை ஆசிரியை சிறுவர்களின் கால்களைத் தேய்த்துச் சூடேற்றிக்கொண்டு, தினமும் சாகசக் கதையொன்றை வளர்த்துக்கொண்டே போனார். கடைசியில் ஒரு விமானம் அவர்களைக் கண்டது.

கேள்வி: நேதாஜி ஜெர்மனியிலிருந்து கிழக்கே வந்த நீர்மூழ்கி பிறகு என்ன ஆயிற்று?
– காரைக்குடி வாசகர்

பதில்: 1943 பிப்ரவரியில் கீல் துறைமுகத்திலிருந்து ஆபித் ஹசனுடன் அவர் புறப்பட்ட படகு யு-180. வழியில் தென்னாப்பிரிக்காவுக்கு அப்பால் அது கார்பிஸ் என்ற பிரிட்டிஷ் எண்ணெய்க் கப்பலை மூழ்கடித்தபோது நேதாஜி உள்ளேதான் இருந்தார். ஏப்ரல் 28 அன்று மடகாஸ்கருக்கு அருகே, கொந்தளித்த கடலில் ரப்பர்ப் படகின் மூலம் ஜப்பானிய ஐ-29-க்கு மாறினார். யு-180 அடுத்த ஆண்டு ஆகஸ்டில் பிஸ்கே விரிகுடாவில் அனைவருடனும் தொலைந்தது. ஐ-29-ஐ அதற்கு முந்தைய மாதமே ஓர் அமெரிக்க நீர்மூழ்கி அழித்துவிட்டது.

கேள்வி: போருக்குப் பின் டோனிட்ஸ் தண்டிக்கப்பட்டாரா?
– ஈரோடு வாசகர்

பதில்: ஜெர்மன் தலைவர்களின் போர்க்குற்றங்களை விசாரித்த நியூரம்பர்க் நீதிமன்றம் பத்தாண்டுச் சிறை விதித்தது. ஆனால் நீர்மூழ்கிப் போர் விதிகளை மீறியதற்காக அத்தண்டனையை அளக்கவில்லை என்று தீர்ப்பிலேயே குறிப்பிட்டது. பசிபிக்கில் அமெரிக்காவும் போரின் முதல் நாளிலிருந்தே முன்னெச்சரிக்கையின்றிக் கப்பல்களை மூழ்கடித்தது என்று அமெரிக்க அட்மிரல் நிமிட்ஸ் எழுத்தில் கொடுத்த சாட்சியம் அதற்கு ஒரு காரணம். 1942 செப்டம்பரில் லக்கோனியா என்ற கப்பலை மூழ்கடித்த யு-156, உயிர் பிழைத்தவர்களைச் செஞ்சிலுவைக் கொடி விரித்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தபோது அமெரிக்க விமானம் குண்டு வீசியதும், அதன்பின் யாரையும் காப்பாற்றக் கூடாது என்று டோனிட்ஸ் ஆணையிட்டதும் அங்கே விரிவாகப் பேசப்பட்டன.

பெலியஸ் என்ற கிரேக்கக் கப்பலை மூழ்கடித்தபின் நீரில் மிதந்தவர்கள்மேல் எந்திரத் துப்பாக்கியால் சுடவைத்த யு-852-இன் தளபதி ஹைன்ஸ் எக்கும், அவருடைய அதிகாரிகள் இருவரும் 1945 நவம்பர் 30 அன்று சுட்டுக்கொல்லப்பட்டனர். மேலிடத்து ஆணையை நிறைவேற்றியதாக எக் சொல்லவில்லை. மிதவைகளை விட்டுவைத்தால் விமானங்கள் தம் படகைக் கண்டுபிடித்துவிடும் என்று அஞ்சியதாகவே சொன்னார். டோனிட்ஸ் 1956-இல் விடுதலையாகி, 1980 டிசம்பரில், 89-ஆம் வயதில் இறந்தார்.