மாவோரிகள், ரக்பி, ஒதுக்கீடு: கேள்வி பதில்

கே: நியூசிலாந்தின் தேசிய ரக்பி அணியான ஆல் பிளாக்ஸில், அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகளுக்கு எத்தனை இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்?

ப: ஒன்றுகூட இல்லை. நியூசிலாந்தில் அப்படி ஓர் ஒதுக்கீடு இருந்ததே இல்லை. நீங்கள் கேள்விப்பட்டது தென்னாப்பிரிக்காவைப் பற்றி. இரண்டு நாட்டையும் ஒரே பானையில் போட்டுக் கிளறாதீர்கள்.

கே: அப்படியென்றால் நியூசிலாந்து ரக்பியில் பாகுபாடே இல்லையா?

ப: இருந்தது. ஜார்ஜ் நெபியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1924-25ல் பிரிட்டன், அயர்லாந்து, பிரான்ஸ், கனடா என்று சுற்றிய ஆல் பிளாக்ஸ் அணியின் ஃபுல்பேக், அதாவது கடைசி வரிசைத் தடுப்பாளர். பயணம் தொடங்கியபோது வயது 19. மொத்தம் 32 ஆட்டம், அத்தனையிலும் வெற்றி. மற்றவர்களுக்கு இடையிடையே ஓய்வு கிடைத்தது. நெபியா 32 ஆட்டத்திலும் களமிறங்கினார். 1928ல் அணி தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலேறியபோது அவரைச் சேர்க்கவில்லை. அவர் மாவோரி, அதுதான் காரணம்; தென்னாப்பிரிக்காவின் வெள்ளையர் வெள்ளையரல்லாதவரோடு ஆட விரும்பவில்லை. 1949லும் 1960லும் இதே கதை. 1960ல் ‘மாவோரி இல்லையேல் பயணமும் இல்லை’ என்று சுமார் ஒன்றரை லட்சம் பேர் கையெழுத்துப் போட்டார்கள், அப்போதும் வெள்ளையர் மட்டுமே போனார்கள். 1970ல்தான் மாவோரி வீரர்கள் போக முடிந்தது, அதுவும் ‘கௌரவ வெள்ளையர்’ என்ற பட்டத்தோடு. அந்தப் பட்டத்தை நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது. ரக்பி சங்கம் மன்னிப்புக் கேட்டது 2010ல். நெபியா 1986லேயே காலமாகிவிட்டார்.

கே: ஆல் பிளாக்ஸ் நட்சத்திரம் ஜோனா லோமு மாவோரியா?

ப: இல்லை. பசிபிக் தீவு நாடான தோங்காவின் வம்சாவளி.

கே: மாவோரிகளுக்கு மட்டும் தனி அணி வைத்திருக்கிறார்களே, அது இனவாதம் இல்லையா?

ப: 1910 முதல் இருக்கும் அணி அது. மாவோரி வம்சாவளி உள்ளவர் அதில் ஆடலாம். அதனால் ஆல் பிளாக்ஸில் யாருடைய இடமும் பறிபோவதில்லை. வாசல் அடைபட்டிருந்த காலத்திலும் மாவோரி ரக்பியைக் காப்பாற்றி வைத்தது அந்த அணி.

கே: எப்படிச் சொன்னாலும் ஒதுக்கீடு திறமையைக் கொல்லும். தென்னாப்பிரிக்காவே சாட்சி.

ப: சரி, தென்னாப்பிரிக்காவுக்கே வருவோம். 1995ல் உலகக் கோப்பை வென்ற அணியில் வெள்ளையரல்லாதவர் செஸ்டர் வில்லியம்ஸ் ஒருவர்தான். பின்னர் இலக்கு வைத்தார்கள்: 2019க்குள் பாதிப் பேர். அந்த எண்ணிக்கையை எட்டவில்லை. ஆனால் 2019 இறுதி ஆட்டத்தைத் தொடங்கிய 15 பேரில் 6 பேர் வெள்ளையரல்லாதவர், தலைவர் சியா கோலிசி உட்பட. இங்கிலாந்தை 32-12 என்று வென்றார்கள். இரண்டு டிரை (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பது): ஒன்று மப்பிம்பி, ஒன்று செஸ்லின் கோல்பி. அதற்கு முன் வென்ற இரண்டு இறுதி ஆட்டங்களிலும் தென்னாப்பிரிக்கா ஒரு டிரைகூட வைத்ததில்லை. கொலையுண்ட திறமை எங்கே, காட்டுங்கள்.

கே: அவர்கள் ஒதுக்கீடு இல்லாமலும் வந்திருப்பார்கள். திறமைதான் அளவுகோலாக இருக்க வேண்டும்.

ப: நெபியாவுக்குத் திறமை இல்லையா? ஒதுக்கீடு வேறு, ஒதுக்கிவைப்பது வேறு. 1928ல் நடந்தது ஒதுக்கிவைப்பது. அணியில் இருந்த அத்தனை இடமும் வெள்ளையருக்கே போனது. அதைக் கண்டு கோபப்படாதவர்கள் இலக்கு என்றதும் திறமை பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை. இலக்கு வைத்துத் தேர்வாகும் வீரனின் மேல் ‘எண்ணிக்கைக்காக வந்தவன்’ என்ற முத்திரை விழுகிறது, அது உண்மையான வேதனை, ஒப்புக்கொள்கிறேன். முத்திரை குத்துவது இலக்கு அல்ல, பார்ப்பவர்.

கே: மாவோரி ஒதுக்கீடு எத்தனை சதவீதம்?

ப: முதல் பதில்.

கே: 1981 கலவரம் பற்றிச் சொல்லுங்கள்.

ப: ஜூலை 25, நியூசிலாந்தின் ஹாமில்டன் நகரம். நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவிலிருந்து ஆட வந்த அணியை எதிர்த்து வந்தவர்கள் வேலியைச் சாய்த்துவிட்டு மைதானத்தின் நடுவே கைகோத்து நின்றார்கள். அரங்கிலிருந்து பாட்டில்கள் பறந்தன. ஆட்டம் ரத்தானது. நாடே இரண்டுபட்டது, ஒரே வீட்டுக்குள்ளும் சண்டை.

கே: ஒதுக்கீடு எத்தனை என்று...

ப: இல்லை. இல்லவே இல்லை.

கே: ஆல் பிளாக்ஸுக்குக் கறுப்புச் சட்டை வந்தது எப்படி?

ப: 1888-89ல் பெரும்பாலும் மாவோரிகளைக் கொண்ட ‘நேட்டிவ்ஸ்’ அணி 107 ரக்பி ஆட்டங்கள் ஆடியது. கறுப்புச் சட்டையும் வெள்ளிப் பெரணி இலையும் அவர்கள் அணிந்தவை. அதில் ஆடிய டாம் எலிசன் 1893ல் அதையே தேசிய அணிக்குக் கேட்டு வாங்கினார். அந்த ஆண்டு ஆஸ்திரேலியா சென்ற முதல் அதிகாரபூர்வ அணிக்குத் தலைவரும் எலிசன்தான். அவர் மாவோரி.