பந்தைக் கேட்டுப் பார்த்தாயா?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

திருநெல்வேலிப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப்பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். ஒன்பது, பத்து படிக்கிற பையன்களோடுதான் என் பாடு. வாரம் தவறாமல் சண்டை. காரணம் கேட்டால், ‘முறைச்சான் சார்’ என்பான். போன மாதம் ஒருவனுக்கு முன்பல் போய்விட்டது. ‘பையன்களை மட்டும் உட்கார வைத்து ஒரு மணி நேரம் நல்லதாக நாலு வார்த்தை பேசுங்கள்’ என்கிறார் தலைமையாசிரியர். என்ன பேசுவது? ‘ஆண்களும் அழலாம்’ என்று ஆளாளுக்கு எழுதுகிறீர்கள். எங்கள் ஊரில் அழுகிறவனைப் ‘பொட்டை’ என்று ஓட்டியே ஒருவழி பண்ணிவிடுவார்கள். அழச் சொல்லிக்கொடுத்து அனுப்பினால் இவன்கள் வெளியே பிழைப்பார்களா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

அந்த ஒரு மணி நேரப் பேச்சை எப்படியாவது தட்டிக்கழித்துவிடுங்கள். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அறிவுரை கேட்டுக் கேட்டுப் பழகிய காதுகள். மைக்கைப் பிடித்ததுமே மூடிக்கொள்ளும். பேசுவதற்குப் பதில் அவர்கள் கையில் ஒரு பந்தைக் கொடுங்கள்.

யோசனை என்னுடையதல்ல. அமெரிக்காவின் சிகாகோ நகரத்தில் ‘பிகமிங் எ மேன்’ என்றொரு திட்டம் 2001-ல் தொடங்கியது. வறுமையும் துப்பாக்கியும் மலிந்த பகுதிகளில் வளரும் பையன்கள், பெரும்பாலும் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்கர்களும். வாரம் ஒரு முறை பள்ளியிலேயே பத்துப் பதினைந்து பேர் வட்டமாக உட்காருவார்கள். ஒரு பாட வகுப்பிலிருந்து தப்பலாமே என்பதற்காகவே வருகிறவர்களும் உண்டு. (நம்மூரில் நேர் எதிர். பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் பிடுங்கிக்கொள்வார்.)

அங்கே ஆரம்பத்திலேயே நடத்தும் விளையாட்டு இது. இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஒருவன் கையில் பந்தைக் கொடுப்பார்கள். மற்றவனிடம், முப்பது நொடிக்குள் அதை உன் கைக்குக் கொண்டுவா என்பார்கள். உடனே மல்லுக்கட்டு, தரையில் உருளல். நேரம் முடிந்ததும் நடத்துபவர் கேட்பார்: யாராவது ‘பந்தைக் கொடு’ என்று கேட்டுப் பார்த்தீர்களா? அநேகமாக ஒருவனும் கேட்டிருக்கமாட்டான். கேட்டால் தரமாட்டான், கேட்டால் என்னைத் தொடைநடுங்கி என்று நினைப்பான் என்று காரணம் வரும். பந்து வைத்திருந்தவனிடம் திரும்பி, கேட்டிருந்தால் என்ன செய்திருப்பாய் என்றால், கொடுத்திருப்பேன், வெறும் பந்துதானே என்பான்.

உங்கள் ‘முறைச்சான்’ சண்டையும் இதேதான். எதிரே நிற்பவன் மனசில் இருப்பதை இவனே முடிவுகட்டிக்கொண்டு கையை ஓங்குகிறான். அவன் முறைத்தானா, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினானா, யார் கேட்டது?

சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குலுக்கல் முறையில் சேர்க்கப்பட்டவர்களையும் சேர்க்கப்படாதவர்களையும் ஒப்பிட்டார்கள். திட்டம் நடந்த காலத்தில், வன்முறைக் குற்றங்களுக்காகக் கைதாவது 45 முதல் 50 சதவீதம் வரை குறைந்திருந்தது. முதல் ஆய்வில், திட்டம் நின்றபின் அந்தக் குறைவு நீடிக்கவில்லை என்பதையும் அவர்களே எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதுதான் பெரிய செய்தி. வாரவாரம் வந்து உட்கார ஒரு பெரிய மனுஷன் வேண்டியிருக்கிறது. ஹரியானாவில் அரசுப் பள்ளிகளில் ஏழு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளிடம் ஆண் பெண் சமத்துவம் பற்றி 45 நிமிட வகுப்புகள் நடத்தினார்கள்; மூன்று வாரத்துக்கொரு முறை, இரண்டரை வருடம். அதற்குப் பிறகுதான் பையன்கள் வீட்டு வேலையில் கூடுதலாகக் கைகொடுத்தது தெரிந்தது. உங்கள் தலைமையாசிரியர் ஒரு மணி நேரத்தில் முடிக்கப் பார்க்கிறார்.

ஆனால் சிகாகோ விளையாட்டை அப்படியே உங்கள் மைதானத்தில் இறக்கிவிட முடியாது. உங்கள் கடிதத்தில் சாதி என்ற பேச்சே இல்லை. ஊர் நெல்லைப் பக்கம் என்பதால் நானே எடுக்கிறேன். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியல் சாதி மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் பள்ளிப் பையன்கள்தான். பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, மாணவர்கள் சாதி அடையாளமாகக் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடைசெய்யச் சொல்லி 2024-ல் அறிக்கை கொடுத்தது. கயிற்றை அவிழ்த்துவிடலாம். பந்து விளையாட்டில் யாரோடு யாரை ஜோடி சேர்ப்பீர்கள்? ஒரு தெருப் பையனின் தாத்தா கைகட்டிக் கேட்டே காலம் தள்ளியவர்; பேரன் இப்போதுதான் நிமிர்ந்து நிற்கிறான். அவனைப் போய் ‘பணிவாகக் கேட்டு வாங்கு’ என்றால் பழைய பாடத்தைத்தான் திரும்ப நடத்துகிறோம். இன்னொரு தெருப் பையன் வீட்டில் யாரும் யாரிடமும் கேட்டு வாங்கிய வழக்கமே இல்லை. முதலில் கேட்க வேண்டியவன் அவன். பந்து மற்றவன் கையில் இருக்கட்டும். தருவதும் மறுப்பதும் அவன் விருப்பம். யார் எந்தத் தெரு என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாமல் ஜோடி சேருங்கள்.

‘மாட்டேன் போடா’ என்று பதில் வந்தால் இன்னும் நல்லது. அதைக் கேட்டுக்கொண்டு சும்மா நிற்கப் பழகட்டும். நாளைக்கு ஒரு பெண் ‘மாட்டேன்’ என்று சொல்லும்போது, அவன் வாழ்க்கையில் கேட்கும் முதல் ‘மாட்டேன்’ அதுவாக இருக்கக்கூடாது.

இனி அழுகை. அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதே இல்லை, பிறக்கும்போதே தெரியும், நாம்தான் நிறுத்தினோம். பிழைப்பார்களா என்று கேட்கிறீர்கள். 2022-ல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 1,70,924 பேர். பத்தில் ஏழு பேர் ஆண்கள். ‘ஆம்பளப் பையன் அழலாமா’ என்று வளர்த்த பிள்ளைகளும் அதில் இருப்பார்கள். ராத்திரி அப்பா குடித்துவிட்டு அம்மாவை அடித்ததை யாரிடமும் சொல்ல முடியாதவன், காலையில் மைதானத்தில் ஒருவனை அடிக்கிறான். பயம், அவமானம், ஏக்கம் எல்லாம் அவனிடமிருந்து கோபமாகத்தான் வெளியே வருகிறது. அவன் அழவெல்லாம் வேண்டாம். ‘நேத்து தூங்கல சார்’ என்று சொன்னால் போதும்.

அதற்கு வட்டத்தில் நீங்களும் உட்கார வேண்டும், முதலில் நீங்கள் சொல்ல வேண்டும். ‘வீட்டில் சண்டை, எரிச்சலோடு வந்திருக்கிறேன்’ என்று பி.டி. சார் வாயிலிருந்தே வந்தால், பையன்கள் முதல் வாரம் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஒரு மாதம் போனால் எவனாவது ஒருவன் வட்டம் கலைந்தபின் தனியாக வந்து நிற்பான். அவன் சொல்வதை ஸ்டாஃப் ரூமுக்குக் கொண்டுபோகாதீர்கள். மனசு உடைந்த பேச்சாக இருந்தால், 14416 கட்டணமில்லாத அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். வீட்டில் அடி உதை என்றால் 1098, குழந்தைகள் உதவி எண்.