டர்ஹாமில் பாதியில் எழுந்தவர்

அன்புள்ள ஐயா,

மகள் இங்கிலாந்தில் படிக்கிறாள். அவளைப் பார்க்கப் போயிருந்தபோது டர்ஹாம் பேராலயத்துக்கு அழைத்துப் போனாள். தூண்களை அண்ணாந்து பார்த்தபடி சுற்றிக்கொண்டிருந்தோம். மாலை ஆராதனை தொடங்கப்போகிறது, விரும்பினால் உட்காரலாம் என்றார்கள். மகள் உட்கார்ந்தும் விட்டாள். நான் சைவன். வேடிக்கை பார்க்க வந்தவன் பக்தர்கள் நடுவே உட்காருவது நடிப்பாகிவிடும் என்று அவளையும் எழுப்பிக் கூட்டி வந்துவிட்டேன். ஊர் திரும்பிய பிறகும் உறுத்துகிறது. செய்தது சரிதானா?

ஆர்., கும்பகோணம்

அன்புள்ள ஆர்.,

உங்கள் கூச்சத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சமையலறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இலை போடும் நேரத்தில் கிளம்பிவிட்டீர்கள்.

1093-இல் அங்கே கட்டுமானம் தொடங்கியபோது அது பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். இரவும் பகலும் பல வேளை கூடி, பைபிளின் துதிப்பாடல்களான சங்கீதங்களைப் பாடுவதே அவர்கள் பிழைப்பு. நீங்கள் அண்ணாந்து பார்த்த கல் விதானம் அந்தக் குரல்களுக்குப் போட்ட கூரை. எட்டாம் ஹென்றி காலத்தில், 1539-இல், மடம் மூடப்பட்டது. பத்து ஆண்டுகள் கழித்து, இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமைப் பேராயர் கிரான்மரின் ஆங்கில ஜெபப் புத்தகம் துறவிகளின் இரண்டு வழிபாட்டு வேளைகளை ஒரே மாலை ஆராதனையாக இணைத்தது. அதில் பாடும் பைபிள் பாட்டுகள் இரண்டில், மரியாளின் பாட்டு ஒரு வேளையிலிருந்து வந்தது, சிமியோனின் பாட்டு மற்ற வேளையிலிருந்து. நம்மூர் சி.எஸ்.ஐ. சபைகளின் மாலை ஆராதனைக்கும் வேர் அங்கேதான்.

தொள்ளாயிரம் ஆண்டுகள் இடைவிடாமல் பாடினார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். 1650-இல் டன்பார் போரில், மன்னராட்சியை ஒழித்த அணியின் தளபதி குரோம்வெல்லிடம் தோற்ற ஸ்காட்லாந்துச் சிப்பாய்கள் சுமார் 3,000 பேரை அந்தப் பேராலயத்தில்தான் அடைத்துவைத்தார்கள். பசியிலும் நோயிலும் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். குளிருக்கு மர இருக்கைகளை எரித்தார்கள் என்பார்கள். பெரிய கடிகாரம் மட்டும் தப்பியது. ஸ்காட்லாந்தின் சின்னமான முட்செடிப் பூ அதில் செதுக்கியிருந்ததால் விட்டுவைத்தார்கள் என்று ஒரு கதை. அவர்களில் சிலருடைய எலும்புகள் 2013-இல்தான் பக்கத்தில் மண்ணுக்கடியில் கிடைத்தன. பாடகர் பகுதியில் இன்று இருப்பவை, மன்னராட்சி திரும்பிய பிறகு பேராயர் ஜான் கோசின் செய்துவைத்த இருக்கைகள். அந்த மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தால் இந்தக் கதையெல்லாம் உங்கள் முதுகுக்கே தெரிந்திருக்கும்.

மகளை எழுப்பியதுதான் எனக்குக் கூடுதல் வருத்தம். மேற்குப் பக்கம் ஞானஸ்நானத் தொட்டி அருகே, தரையில் ஒரு கறுப்புக் கல் கோடு ஓடுவதைக் கவனித்தீர்களா? துறவிகள் காலத்தில் பெண்கள் அதைத் தாண்டக் கூடாது. 2009 முதல் பாடகர் குழுவிலேயே சிறுமிகள் பாடுகிறார்கள். கோடு அழியாமல் அப்படியே கிடக்கிறது. உங்கள் மகள் அதைத் தாண்டிப் போய் உட்கார்ந்தாள், நீங்கள் எழுப்பிவிட்டீர்கள்.

நடிப்பு என்றீர்கள். அந்த ஆராதனையில் அப்பமும் ரசமும் பெறும் திருவிருந்து கிடையாது. பாடும் வேலை பெரும்பாலும் குழுவினுடையது. எதிரெதிராக நின்று, ஒரு பக்கம் விட்ட வரியை மறுபக்கம் எடுப்பார்கள். மற்றவர்கள் எழுந்தால் எழுந்திருங்கள். விசுவாச அறிக்கை சொல்லும்போது வாய் மூடி நில்லுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள். வாயைத் திறக்காதவன் எதை நடிக்கப் போகிறான்? சுமார் முக்கால் மணி நேரம், அவ்வளவுதான்.

அடுத்த முறை போனால் தேதியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய ஜெபப் புத்தகம் 150 சங்கீதங்களையும் மாதத்தின் 30 நாட்களுக்குப் பங்கு வைத்திருக்கிறது. அந்தக் கணக்கில் 15-ஆம் தேதி மாலைக்கு விழுவது 78-ஆம் சங்கீதம். எழுபது வசனங்களுக்கு மேல். வெட்டாமல் பாடினார்கள் என்றால், மகளே உங்களை எழுப்பிக் கூட்டி வந்துவிடுவாள்.