சதவீதம் மட்டும் பார்த்தால் ஜாஷ் ஆலன் அடியில்தான் போவார்

நண்பரே, அமெரிக்கக் கால்பந்தில் பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் கல்லூரி குவார்ட்டர்பேக்குகளை, வீசிய பாஸ்களில் எத்தனை சதவீதம் பிடிபட்டன என்று பார்த்து வரிசைப்படுத்தினால் ஜாஷ் ஆலன் அடியில் போய்விடுகிறாரே, எங்கே பிழை என்று கேட்டிருந்தீர்கள். கணக்கில் பிழை இல்லை. வயோமிங் பல்கலைக்கழகத்தில் அவருடையது 56 சதவீதம்தான். ஆனாலும், கல்லூரி வீரர்களைத் தொழில்முறை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2018-இல் பஃபலோ அணி அவரை ஏழாவதாக எடுத்தது.

பந்து எவ்வளவு தூரம் போனது என்று சதவீதம் சொல்லாது. பக்கத்தில் நிற்பவரிடம் தள்ளிவிடும் ஸ்கிரீன் பாஸும், 20 கெஜம் தாண்டிப் போகும் பாஸும் அதில் ஒன்றுதான். இரண்டையும் பிரித்து எண்ணுங்கள். அப்புறம், எதிரணி நெருக்கும் ஆட்டங்களைக் காணொளியில் பாருங்கள். கால்கள் பதறுகின்றனவா, கண் இன்னும் பந்தைப் பிடிக்க வேண்டிய ரிசீவரைத் தேடுகிறதா? நான் முதலில் பார்ப்பது இதைத்தான். எந்த அட்டவணையிலும் இது கிடைக்காது.

ஒரே ஆண்டையும் நம்ப வேண்டாம். குவார்ட்டர்பேக் ஜோ பரோ எல்எஸ்யூவில் (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில்) 2018-இல் வீசியது புள்ளி தரும் டச்டவுன் பாஸ் 16, 2019-இல் 60! நடுவில் பயிற்சியாளர் ஜோ பிரேடி வந்து பாஸ் ஆட்டத்தையே மாற்றியிருந்தார். எனவே ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் பயிற்சியாளர் யார், ரிசீவர்கள் யார் என்று ஒரு நெடுவரிசை சேர்த்துக்கொள்ளுங்கள்.