சோயாப்பால் கடையில் ஒரு கோடி டாலர்

கேள்வி: தைவான் இன்று உலகத்துக்கே சிப் செய்து கொடுக்கிறது. இது முழுக்க மோரிஸ் சாங் போன்ற தொழிலதிபர்களின் சாதனைதானே? அரசு அதிகாரிகள் கோப்பில் கையெழுத்துப் போடுவதைத் தவிர என்ன செய்துவிடப் போகிறார்கள்? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: கையெழுத்துத்தான் போட்டார்கள், ஐயா. எந்தக் கோப்பில், எந்த நேரத்தில் போட்டார்கள் என்று பார்க்க வேண்டாமா? சிப் பற்றி எழுதும் நம்மவர்கள் சுன் யுன்-சுவான் என்ற மனிதரைத் தாண்டிக்கொண்டு நேரே மோரிஸ் சாங்கிடம் போய் நின்றுவிடுகிறார்கள்.

சுன் 1913-இல் சீனாவின் ஷான்டோங் மாகாணத்தில் பிறந்த மின் பொறியாளர். இரண்டாம் உலகப் போரில் தோற்ற ஜப்பான் தைவானைக் காலி செய்தபோது, மின் நிலையங்களை ஓட்டிக்கொண்டிருந்த ஜப்பானியப் பொறியாளர்களும் கப்பலேறினார்கள். மூன்று மாதத்தில் தீவே இருண்டுவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். சுன் தொழிற்பள்ளி மாணவர்களைத் திரட்டிக்கொண்டு, குண்டுவீச்சில் சிதைந்து கிடந்த மின் நிலையங்களைச் சில மாதங்களிலேயே ஓட வைத்தார். பின்னர் 1964 முதல் மூன்றாண்டுகள் உலக வங்கியின் ஏற்பாட்டில் நைஜீரியாவின் மின் நிறுவனத்தை நடத்தினார். ஊர் திரும்பியதும் போக்குவரத்து அமைச்சர்; 1969-இல் பொருளாதார அமைச்சர்.

1973-இல் அவர் ஒரு தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். பணம் அரசுடையது, ஆனால் அரசு ஊதிய விதிகள் அதற்குப் பொருந்தாது. சட்டமன்றத்தில் கடும் எதிர்ப்பு. மல்லுக்கட்டித்தான் அனுமதி வாங்கினார்.

மறு ஆண்டு பிப்ரவரியில் தைபேயில் ஒரு சாதாரண சோயாப்பால் கடையில் காலைச் சிற்றுண்டிக்கு ஏழு பேர் கூடினார்கள். அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. என்ற மின்னணு நிறுவனத்தில் பணியாற்றிய பான் வென்-யுவான், ஒருங்கிணைந்த மின்சுற்றுத் தொழிலில், அதாவது சிப் தொழிலில், இறங்குங்கள் என்றார். எவ்வளவு காலம், எவ்வளவு செலவு என்று கேட்டார் சுன். நான்கு ஆண்டுகள், ஒரு கோடி டாலர். பெட்ரோல் விலை ஏறி உலகமே தடுமாறிக்கொண்டிருந்த நேரம். தைவானோ துணியும் பொம்மையும் குடையும் விற்றுப் பிழைத்த நாடு. அந்த நிலையில் சரி என்றாரே, அந்தத் துணிச்சலுக்கு என்ன பெயர் வைப்பீர்கள்? 1976-இல் இளம் பொறியாளர்கள் ஆர்.சி.ஏ.வில் தொழில் கற்க அமெரிக்கா போனார்கள். 1980-இல் அந்த ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து யு.எம்.சி. என்ற சிப் நிறுவனம் பிறந்தது. அதே ஆண்டு சின்சு அறிவியல் பூங்காவும் திறக்கப்பட்டது. அப்போது சுன்தான் பிரதமர்.

உங்கள் மோரிஸ் சாங் 1985-இல் தைவானுக்கு வந்தது தொழிலதிபராக அல்ல, சுன் தொடங்கிய அந்த ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைவராக. 1987-இல் சாங்கின் சிப் நிறுவனமான டி.எஸ்.எம்.சி. உருவானபோது 48 சதவீத முதலீடு அரசுடையது, 27.5 சதவீதம் பிலிப்ஸுடையது. உள்ளூர்ப் பணக்காரர்களோ அரசு வற்புறுத்திய பிறகுதான் பெட்டியைத் திறந்தார்கள். சாங்கின் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை; பிறருக்காக மட்டும் சிப் செய்து கொடுக்கும் ஆலை என்ற யோசனை அவருடையதுதான்.

இதைப் படித்துவிட்டுச் சுன்னுக்கு மாலை போடக் கிளம்பிவிடாதீர்கள். அவர் பணியாற்றியது எதிர்க்கட்சிக்கே இடமில்லாத ராணுவச் சட்ட ஆட்சியில். 1979 டிசம்பரில் காவோசியுங் நகரில் மனித உரிமை தினப் பேரணி நடத்தியவர்களைப் பிடித்துச் சிறையில் தள்ளியபோதும் பிரதமர் நாற்காலியில் இருந்தவர் இவரே. அதிபர் சியாங் சிங்-குவோவுக்குப் பின் இவர்தான் என்று பலரும் பேசிக்கொண்டிருந்த வேளையில், 1984-இல் பக்கவாதம் தாக்கிப் பதவியை விட்டார். 2006-இல் காலமானார்.