ஏரியில் கழிவுநீர் கலந்தால் நெல்லுக்கு யூரியா எவ்வளவு?

கேள்வி: செங்கல்பட்டு மாவட்டம். ஏரிப் பாசனத்தில் நவரைப் பட்டத்துக்கு வெள்ளைப் பொன்னி நெல் நட்டேன். ஏரியைச் சுற்றி வீட்டுமனைகள் பெருகி, சாக்கடை முழுவதும் ஏரிக்குத்தான் வருகிறது. வழக்கம்போல ஏக்கருக்கு இரண்டு மூட்டை யூரியா போட்டேன். பயிர் கருகருவென்று வளர்ந்து, பால் பிடிக்கும்போது சாய்ந்துவிட்டது. பாதி பதர். காரணம் என்ன?

பதில்: தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுதிதான் காரணம். நீங்கள் மூட்டையில் போட்டது போக, சாக்கடையில் இருக்கும் தழைச்சத்தும் மதகு வழியாக ஒரு பங்கு வந்திருக்கிறது.

உங்கள் செங்கல்பட்டும் சேர்ந்திருந்த பழைய காஞ்சிபுரம் மாவட்டத்தின் மக்கள்தொகை 2001-இல் சுமார் 28.8 லட்சம், 2011-இல் சுமார் 40 லட்சம். நகர்ப்புறக் கணக்குப்படி ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர். அதில் 80 சதவீதம் சாக்கடையாகத் திரும்பும். உங்கள் ஏரியைச் சுற்றி 10,000 பேர் குடியேறினால் தினமும் 10.8 லட்சம் லிட்டர். 27 ஏக்கரில் ஒரு செ.மீ. உயரத்துக்கு நிற்கும் தண்ணீர் அது.

பாசன நீரில் லிட்டருக்கு 30 மி.கிராம் தழைச்சத்து இருப்பதாக வையுங்கள். ஏக்கருக்கு ஒரு செ.மீ. பாய்ச்சினால் 1.2 கிலோ, 40 செ.மீ. பாய்ச்சினால் 48 கிலோ. பாதி காற்றில் போனாலும் ஒரு மூட்டை யூரியாவுக்கு மேலேயே பயிருக்குக் கிடைக்கும்.

நவரையில் இன்னொரு சிக்கல். மழை முடிந்த கையோடு ஏரி நிறைந்திருக்கும்போது சாக்கடை நீர்த்துப்போகும். மார்ச்சில் ஏரி வற்ற வற்ற அதன் அடர்த்தி ஏறும். ஆக, கதிர் உருவாகி மணி கட்டும் நேரத்தில்தான் தழைச்சத்து அதிகமாக வருகிறது. பயிர் பச்சையாகவே நிற்கும், தண்டு மெலியும், மணி நிரம்பாது. புகையான் பூச்சியும் குலை நோயும் இப்படிப்பட்ட வயலைத்தான் தேடி வரும். வெள்ளைப் பொன்னி இயல்பிலேயே சாயும் ரகம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த பட்டத்துக்கு யூரியாவை அடியுரமாகப் போடாதீர்கள். நட்ட 14-ஆம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை இலை வண்ண அட்டை (இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கும், எண்ணிட்ட பச்சைப் பட்டைகள் கொண்ட அட்டை) வைத்துப் பாருங்கள். காலை 8 முதல் 10 மணிக்குள், உங்கள் நிழல் விழும்படி நின்று, 10 குத்துகளில் முழுதாக விரிந்த இளம் இலையை அட்டையோடு ஒப்பிட வேண்டும். ஆறு இலைகளாவது வெள்ளைப் பொன்னிக்கு 3-ஆம் எண் பட்டைக்கும், மற்ற ரகங்களுக்கு 4-ஆம் எண் பட்டைக்கும் கீழே இருந்தால் மட்டும் ஏக்கருக்கு 25 கிலோ யூரியா. வேறு சமயத்தில் ஒரு பிடிகூட வேண்டாம். ஏக்கருக்குப் பொட்டாஷ் 33 கிலோ என்பதை மட்டும் குறைக்காதீர்கள். பாதி அடியுரம், பாதி கதிர் உருவாகும்போது.

புகையான் பெருகாமலிருக்க எட்டு அடிக்கு ஒரு அடி இடைவெளி விட்டு நடுங்கள். கிணறு இருந்தால் கதிர் உருவானது முதல் அந்தத் தண்ணீருக்கு மாறுங்கள். கோ 51 போன்ற சாயாத ரகம் இந்த ஏரிப் பாசன நிலத்துக்குப் பொருந்தும்.

சோப்புத் தண்ணீரில் சோடியம் உண்டு. மதகிலிருந்து ஒரு லிட்டர் நீரைப் பிளாஸ்டிக் புட்டியில் பிடித்து, மண் பரிசோதனை நிலையத்தில் உப்பு நிலை, கார அமில நிலை, சோடியம் மூன்றும் பாருங்கள். சோடியத்தின் கெடுதலைக் குறைக்கும் ஜிப்சம் தேவையா என்பது அதற்குப் பிறகுதான். இந்தத் தண்ணீரில் கீரை, வெள்ளரி போன்று பச்சையாகத் தின்பவை வேண்டவே வேண்டாம். நடவாட்களுக்குக் கால் அரிப்பு வந்தால் வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள்.

சாக்கடையை ஏரிக்குள் விடுவதைப் பற்றி, ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில், நீர்ப் பரிசோதனை அறிக்கையை இணைத்து மனுக் கொடுங்கள். வெறும் வாய்ப் புகாரை விட அது நிற்கும்.