வாசகர் கேள்வி – பதில்: வனிலாச் சீனியும் மாரிகால ஈரமும்

கேள்வி: மதிப்புக்குரிய அம்மா, சென்ற கார்த்திகை மாதத்தில், நத்தார் கேக்குக்கென்று இரண்டு வனிலாக் காய்களைக் கீறி ஒரு கிலோ சீனிக்குள் புதைத்து வைத்தேன். மார்கழியில் போத்தலைத் திறந்தபோது காய்களைச் சுற்றியிருந்த சீனி கட்டியாகியிருந்தது. எதிர்பார்த்த அளவுக்கு மணமும் ஏறவில்லை. ஒரு காயின் மேல் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது. இந்தச் சீனியைப் பாவிக்கலாமா? இனி எப்படிச் செய்ய வேண்டும்? – வாசகி, உப்புவெளி

பதில்: அன்புள்ள சகோதரி, முதலில் அந்த வெள்ளைப் படிவைக் கவனியுங்கள்; சீனியை வைத்திருப்பதா, கொட்டுவதா என்பதை அதுவே தீர்மானிக்கும். காயில் ஒட்டியிருக்கும் சீனி மணிகளைத் தட்டிவிட்டு, யன்னல் வெளிச்சத்தில் அதைத் திருப்பிப் பாருங்கள். படிவு மெல்லிய ஊசிகளாக மினுங்கி, இனிய மணம் தந்தால், அது காயின் உள்ளிருந்தே வெளிவந்து படிகமான வனிலின் என்னும் மணப்பொருள். அதற்காகக் கவலைப்பட வேண்டாம், மகிழலாம். மினுக்கமில்லாமல் பஞ்சுபோலவோ சாம்பல் நிறமாகவோ படர்ந்து மக்கிய வாடை வீசினால், அது பூஞ்சணம். அப்படியானால் காயையும் சீனியையும் சேர்த்தே எறிந்துவிடுங்கள். விலை கொடுத்து வாங்கிய பொருளை எறிவதற்கு மனம் வராது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் மேற்பகுதியை மட்டும் அள்ளி எறிந்துவிட்டு மீதியைக் கேக்கில் சேர்ப்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

சீனி கட்டியானதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. பதப்படுத்திய வனிலாக் காய் பார்வைக்கு உலர்ந்ததாகத் தோன்றினாலும், அதன் எடையில் ஏறத்தாழ கால் பங்கோ அதற்கு மேலோ நீர்தான். கீறி வைத்தவுடன் அந்த நீர் அருகிலுள்ள சீனிக்குள் இறங்குகிறது. இரண்டாவது காரணம் நம்முடைய காலநிலை. காற்றின் ஈரப்பதன் 85 சதவீதத்தை அண்மிக்கும்போது வெள்ளைச் சீனி காற்றிலிருந்தே நீரை இழுக்கத் தொடங்கிவிடும். ஐப்பசியிலிருந்து தை வரை வாடைக்காற்றும் மாரி மழையுமாக இருக்கும் திருகோணமலையில், அதிலும் கடலோரத்து வீடுகளில், மணம் வந்துவிட்டதா என்று பார்ப்பதற்காக ஒவ்வொரு முறை மூடியைத் திறக்கும்போதும் அந்த ஈரத்தை நாமே உள்ளே விடுகிறோம். ஆகவே, நத்தாருக்கான வனிலாச் சீனியைக் கார்த்திகையில் தொடங்காமல், கச்சான் காற்று வீசி வீடெல்லாம் காய்ந்து கிடக்கும் ஆடி, ஆவணி மாதங்களிலேயே செய்து மூடிவிடுவதுதான் நம் ஊருக்குப் பொருத்தமானது. செய்முறையில் எதை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும், இந்த ஒன்றை மாற்றிப் பாருங்கள்.

மணம் ஏறாததற்குக் காரணம் அளவு. ஒரு கிலோ சீனிக்கு இரண்டு காய் போதாது. 250 கிராமுக்கு ஒரு காய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிப் போத்தலைக் கழுவி வெயிலில் நன்றாகக் காயவைத்து, முற்றாக ஆறிய பின்னரே பாவியுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வேர்க்கும். காயை நீளவாக்கில் பிளந்து, கத்தியின் முதுகால் உள்ளிருக்கும் நுண்ணிய விதைகளை வழித்தெடுத்து, முதலில் இரண்டு மேசைக்கரண்டிச் சீனியோடு விரல் நுனிகளால் தேய்த்துக் கலந்த பிறகு மீதிச் சீனியில் சேருங்கள். விதைகள் எண்ணெய்ப் பசையோடு ஒன்றையொன்று ஒட்டிக்கொள்வதால், நேரே கொட்டினால் அவை ஓரிடத்திலேயே உருண்டு நின்றுவிடும். வழித்த தோலை உடனே சீனிக்குள் புதைக்காமல், மெல்லிய துணியால் மூடி, நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் ஓரிரு நாள் உலரவிட்டுப் பிறகு சேர்த்தால், நீங்கள் கண்ட கட்டி பெரும்பாலும் வராது. போத்தலை அலுமாரிக்குள், வெளிச்சம் படாத இடத்தில் வைத்து, திறக்காமலே சில நாட்களுக்கொருமுறை குலுக்குங்கள். இரண்டு வாரத்தில் மணம் வந்துவிடும். ஒரு மாதம் பொறுத்தால் இன்னும் ஆழமாக இருக்கும்.

எடுத்த அளவுக்குப் புதிய சீனியை இட்டு நிரப்பிக்கொண்டே போகலாம். மணம் தளர்ந்து, தோல் கையால் ஒடிக்கும்போது சொடுக்கென்று முறியும் அளவுக்குக் காய்ந்த பின், அதைச் சிறிது சீனியோடு கிறைண்டரில் அரைத்து, மா அரிக்கும் அரிதட்டில் அரித்து எடுத்தால், கரும்புள்ளிகளோடு கூடிய கடும் மணமுள்ள சீனி கிடைக்கும். பால் காய்ச்சுவதற்குப் பாவித்த காயையும் கழுவி, முற்றாகக் காயவைத்து இதே வழியில் சேர்க்கலாம். சிவப்புச் சீனி மட்டும் வேண்டாம். அதிலுள்ள பாகு ஈரத்தையும் கூட்டும், தன் மணத்தால் வனிலாவையும் மறைத்துவிடும்.

பூஞ்சணம் இல்லையென்றால், உங்களிடமுள்ள கட்டிச் சீனியை ஒரு தட்டில் பரப்பி, மழையில்லாத நாளொன்றில் சற்று நேரம் உலரவிட்டு, முள்ளுக்கரண்டியால் உடைத்துப் பாவியுங்கள். அவணில் வைத்துச் சூடேற்றாதீர்கள். ஈரத்தோடு மணமும் போய்விடும்.

கேக்கில் சேர்க்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். கால் கிலோ பட்டர், கால் கிலோ சீனி, கால் கிலோ மா என்று செய்யும் சாதாரண பட்டர் கேக்குக்கு, சீனி முழுவதையும் வனிலாச் சீனியாகவே எடுக்கலாம். அரைத்த கடும் சீனியென்றால் இரண்டு மேசைக்கரண்டி போதும், மீதி வெறும் சீனியாக இருக்கட்டும். வனிலின் நீரைக் காட்டிலும் கொழுப்பில் நன்றாகக் கலப்பதால், பட்டரோடு சேர்த்து அடிக்கும் கட்டத்திலேயே இந்தச் சீனியைச் சேர்த்துவிடுங்கள். முட்டை வெடுக்கும் அடங்கிவிடும். ஏலம், கறுவா, கராம்பு சேரும் ரிச் கேக்குக்கோ, பன்னீர் மணக்கும் லவ் கேக்குக்கோ இதைச் செலவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. இத்தனை பாடுபட்டுச் சேர்த்த மணம் அவற்றில் தெரியவே தெரியாது.

கேள்வி: கடையில் வாங்கும் வனிலா எசன்ஸைச் சீனியில் கலந்தால் அதுவும் வனிலாச் சீனிதானே? – வாசகர், உவர்மலை

பதில்: சாதாரணமாக மலிவு விலையில் கிடைக்கும் எசன்ஸில் மணம் தருவது செயற்கையாகச் செய்த வனிலின். இது புதிய சங்கதியன்று. 1858 இல் கோப்லே என்ற பிரெஞ்சு வேதியியலாளர் வனிலாவிலிருந்து வனிலினைப் பிரித்தெடுத்தார்; 1874 இல் ஜேர்மனியரான டீமானும் ஹார்மானும் ஊசியிலை மரங்களிலுள்ள கொனிஃபெரின் என்ற பொருளிலிருந்து அதே வனிலினைச் செய்துகாட்டினார்கள். மூலக்கூறு ஒன்றேதான், இதில் அஞ்சுவதற்கு ஏதுமில்லை. ஆனால் உண்மையான காயில் வனிலினோடு வேறு நூற்றுக்கணக்கான மணக்கூறுகளும் சேர்ந்திருக்கின்றன. எசன்ஸில் இல்லாத நிறைவு அவற்றால் வருவது. மேலும், எசன்ஸ் நீர்மமானதால் சீனியை நனைத்துவிடும். அதை உலர்த்தப் புறப்பட்டால் மணத்தில் ஒரு பகுதி காற்றோடு போகும். உங்களிடம் எசன்ஸ்தான் இருக்கிறதென்றால், அதை நேரே கேக் கலவையில் விடுவதே சிக்கனம்.

கேள்வி: எங்கள் வளவில் சீமைக்கிளுவை வேலி இருக்கிறது. அதில் வனிலாக் கொடியை ஏற்றலாமா? – வாசகி, தம்பலகாமம்

பதில்: கொடி பிழைக்கலாம், ஆனால் பலனுக்கு நான் உறுதி சொல்லமாட்டேன். வனிலா மெக்சிக்கோவின் ஈரக் காடுகளுக்குரிய ஓர்க்கிட் இனம். நிழலும் ஆண்டு முழுவதும் பரவலான மழையும் கேட்பது. நம் நாட்டில் கண்டி, மாத்தளை, கேகாலைப் பக்கங்களில் அது செழிப்பதற்கும், மழை சில மாதங்களுக்குள் கொட்டி முடிந்துவிடும் நம் மாவட்டத்தில் அது தவிப்பதற்கும் இதுவே காரணம். நிழலைக் காத்து நாள்தோறும் நீர் தெளித்து வளர்த்தாலும், பூ ஒரே நாளில் வாடிவிடுமாதலால், மலர்ந்த காலையிலேயே கையால் மகரந்தம் சேர்க்க வேண்டும். இந்த எளிய முறையை 1841 இல் ரியூனியன் தீவில் கண்டுபிடித்தவர் எட்மண்ட் அல்பியுஸ், அப்போது அடிமையாக இருந்த 12 வயதுச் சிறுவர். இன்றும் உலகின் வனிலாத் தோட்டங்களில் அந்த முறைதான் கையாளப்படுகிறது. காய் முற்றுவதற்கு எட்டு, ஒன்பது மாதங்கள் செல்லும். பறித்த பச்சைக் காயில் மணமே இராது. சுடுநீரில் தோய்த்து, கம்பளியில் சுற்றி வேர்க்கவிட்டு, வாரக்கணக்கில் உலர்த்திய பின்னரே மணம் பிறக்கும். எனவே ஆசைக்கு ஒரு கொடியை நடுங்கள். சீனிக்கான காயை மலைநாட்டிலிருந்தே தருவித்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது, விரலில் சுற்றினால் முறியாமல் வளையும், கருமையும் மினுமினுப்பும் உள்ள காயாகப் பார்த்து எடுங்கள்.